ஈ.டிவி யாரோடது? தையல் மெஷின்ல இருந்து டிவி ஸ்டேஷன் வரைக்கும்

தம்பி, நீ கேட்டது இதுதானே: "அண்ணே, ஈ.டிவி நிஜமா யாரோடது? ஆபீஸ்ல ஒருத்தர் தொழிலாளர் யூனியன் டிவின்றார், இன்னொருத்தர் கோடீஸ்வரங்க டிவின்றார், டர்பனுக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு, ஒண்ணும் புரியல, அப்புறம் வீட்டுக்கு ஓப்பன்வியூ போடவா டிஎஸ்டிவி போடவா?" ஈ.டிவின்றது தென்னாப்பிரிக்காவுல ஏரியல் போட்டா ஓசில வர்ற தனியார் சேனல், ஓப்பன்வியூ மாசக் கட்டணம் இல்லாத டிஷ், டிஎஸ்டிவி மாசா மாசம் காசு கட்டுற டிஷ். ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், எப்படி ரெண்டும் சரியா இருக்க முடியும்ன்றதுதான் கதையே. நான் இந்த ஊர்ல டிஷ் கட்டி, டிகோடர் மாட்டி, ஏரியல் திருப்பியே இருபது வருஷத்துக்கு மேல ஓட்டிட்டேன், நம்ம இந்திய ஜனம் நிறைய இருக்குற சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் ரெண்டுலயும் நான் ஏறாத கூரை கம்மி. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், டீ போட்டு வெச்சுக்கிட்டுப் படி.

முதல்ல ஒரு வீட்டுக் கதை. சாட்ஸ்வொர்த்ல ஒரு ஆன்ட்டி வீட்டுக்கு ஓப்பன்வியூ மாட்டப் போனேன். வயசு எழுபதுக்கு மேல, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா தேவாரம் அப்படியே பாடுவாங்க, இங்கிலீஷ் எழுத்துல எழுதி வெச்ச நோட்டைப் பாத்து. நான் கூரை மேல நின்னு டிஷ் முன்னாடி சிக்னல் வாங்குற எல்என்பியைத் திருகிக்கிட்டு சிக்னல் மீட்டரைப் பாக்குறேன், அவங்க கீழ லவுன்ஜ் ஜன்னல்ல தலையை நீட்டி "வந்துச்சு ராஜா, வந்துச்சு, எங்க டிவி வந்துச்சு"ன்னு கத்துறாங்க. எறங்கி வந்து "என்ன ஆன்ட்டி எங்க டிவி?"ன்னு கேட்டேன். பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒண்ணை எடுத்துட்டு வந்தாங்க. உள்ள ஒரு பழைய யூனியன் கார்டு, கூடவே மகனுக்கு யூனிவர்சிட்டி படிக்க பர்சரி குடுத்ததா யூனியன்ல இருந்து வந்த லெட்டர், மடிச்ச மடிப்புல கிழிஞ்சு டேப் ஒட்டியிருக்கு. முப்பத்தொரு வருஷம் துணி ஃபேக்டரில ஓவர்லாக் மெஷின்ல உக்காந்தவங்க. ஆள்காட்டி விரல் நகத்துல ஊசி ஏறின தழும்பு இன்னும் இருக்கு. "அந்த டிவில வந்த காசுலதான் என் பையன் படிச்சான்"னு சொன்னாங்க. அவங்க சொன்னது மிகைன்னு நினைச்சுடாத, வேர்ல இருந்து பாத்தா அது நெசம்.

வேருக்குப் போகணும்னா டிவியே இல்லாத காலத்துக்குப் போகணும். தென்னாப்பிரிக்காவுல டிவி எவ்ளோ லேட்டா வந்துச்சு தெரியுமா, 1976 ஜனவரி 5ம் தேதிதான் அரசாங்க ஒளிபரப்பு எஸ்ஏபிசி முறையா ஒளிபரப்பை ஆரம்பிச்சுது. இவ்ளோ பணக்கார நாட்டுல அவ்ளோ நாள் டிவி இல்லாததுக்குக் காரணம் காசு இல்ல, பயம். ஆல்பர்ட் ஹெர்ட்சாக்னு ஒரு மந்திரி, தபால் தந்தி இலாகா, டிவி வந்தா வெள்ளைக்காரன் ஆட்சியோட கட்டமைப்பே கெட்டுப்போகும்னு வருஷக்கணக்கா தடுத்து வெச்சிருந்தார். வந்தப்பவும் இங்கிலீஷும் ஆஃப்ரிகான்ஸும் மட்டும்தான். 1982ல கறுப்பின ஜனங்களுக்குன்னு டிவி2, டிவி3ன்னு தனியாப் பிரிச்சாங்க, அதுவும் இனவாத கணக்குதான். நம்ம ஆளுங்களுக்கு 1983ல ரேடியோ லோட்டஸ் கிடைச்சுது, இப்ப லோட்டஸ் எஃப்எம்னு இருக்கே அதேதான். டிவில பின்னாடி எஸ்ஏபிசி2ல ஞாயித்துக்கிழமை காலைல இந்தியர்களுக்கான நிகழ்ச்சி ஈஸ்டர்ன் மொசைக் வந்துச்சு, சாட்ஸ்வொர்த் வீடுங்கள்ல அந்த நேரத்துல போனா யாரும் கதவு திறக்க மாட்டாங்க.

தனியார்னு பாத்தா 1986ல எம்-நெட் வந்துச்சு, பத்திரிகை கம்பெனிங்க சேந்து, நாஸ்பர்ஸ் முன்னாடி நின்னு நடத்தின காசு கட்டுற சேனல். டிகோடர்ன்ற வார்த்தை இந்த ஊர் வாய்ல ஏறினது அப்போதான். சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மட்டும் ஓப்பன் டைம்னு பூட்டு இல்லாம விடுவாங்க, அதை 2007ல நிறுத்திட்டாங்க. ஆக 1994ல மண்டேலா ஆட்சிக்கு வந்தப்ப நிலவரம் என்னன்னா, ஓசில பாக்கணும்னா அரசாங்க டிவி, மத்ததுக்குக் காசு. நடுவுல ஒண்ணு வேணும், ஏரியல் போட்டா வரணும், ஆனா அரசாங்கத்தோடதா இருக்கக் கூடாது. அதுக்குத்தான் லைசென்ஸ் ஒண்ணே ஒண்ணு போட்டிக்கு விட்டாங்க. பல குழு மோதி 1998 மார்ச்ல மிடி டெலிவிஷன்ற கூட்டணிக்கு அது கிடைச்சுது, அதே வருஷம் அக்டோபர் 1ம் தேதி ஈ.டிவி ஆன் ஆச்சு.

மிடி யாருன்னு பாரு, அங்கதான் நம்ம ஆன்ட்டியோட டிவி ஆரம்பிக்குது. அதுல பெரிய கை ஹெச்சிஐ, அதாவது ஹோஸ்கன் கன்சாலிடேட்டட் இன்வெஸ்ட்மெண்ட்ஸ். அந்த ஹெச்சிஐக்குப் பின்னாடி இருந்தது ரெண்டு யூனியன் பணம், ஒண்ணு சாக்ட்வூ, துணி நெசவுத் தொழிலாளர் யூனியன், இன்னொண்ணு சுரங்கத் தொழிலாளர் யூனியனோட முதலீட்டு கம்பெனி. கூட பெண்கள், இளைஞர், மாற்றுத்திறனாளிகள்னு அமைப்புங்களுக்கும் பங்கு இருந்துச்சு, லைசென்ஸ் குடுக்குறவங்க அதைத்தான் எதிர்பாத்தாங்க, இத்தனை நாள் வெளிய நின்ன ஜனம் உள்ள வரணும்னு. அமெரிக்காவோட டைம் வார்னருக்கு 20 சதவீதம். ஏன் சரியா 20னு கேப்ப. ஒளிபரப்பு லைசென்ஸ்ல வெளிநாட்டுக்காரன் 20 சதவீதத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாதுன்னு சட்டம். இந்த 20ஐ ஞாபகம் வெச்சுக்க, கடைசில டிஎஸ்டிவி பத்திச் சொல்றப்ப திரும்ப வரும்.

சாக்ட்வூன்னா ஏதோ கேப் டவுன் சமாச்சாரம்னு நினைச்சுடாத, அதுல டர்பன் ரத்தம் நிறைய. 1973 ஜனவரில டர்பன்ல ஒரு செங்கல் சூளை கம்பெனில ஆரம்பிச்ச ஸ்ட்ரைக், அப்படியே பைன்டவுன், நியூ ஜெர்மனி பக்கம் ஃபிரேம் குரூப் நெசவு மில்லுங்களுக்குப் பரவி பல்லாயிரம் பேர் தெருவுல எறங்கினாங்க, ஆப்பிரிக்கத் தொழிலாளிங்களோட இந்தியத் தொழிலாளிங்களும் சேந்து. கறுப்பின யூனியன் இயக்கமே செத்துக் கிடந்த காலம் அது, அந்த ஸ்ட்ரைக்ல இருந்துதான் திரும்ப உயிர் வந்துச்சுன்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க. அப்போ பொறந்த நெசவு யூனியன்ல தலைவரா வளந்தவர் ஜானி கோப்லின். பின்னாடி பல யூனியனுங்க ஒண்ணு சேந்து, கடைசியா 1989ல டர்பன், கேப் டவுன் தையல் தொழிலாளிங்களும் சேந்து சாக்ட்வூ ஆச்சு. அந்தக் காலத்துல டர்பன் துணி ஃபேக்டரிங்கள்ல மெஷின்ல உக்காந்திருந்தது பாதிக்கு மேல நம்ம சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பொம்பளைங்கன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, காலைல பஸ் ஸ்டாப்ல நின்னா பூரா டிபன் பாக்ஸும் தலைல பூவும்தானாம்.

கோப்லினும், சுரங்க யூனியன்ல துணைப் பொதுச்செயலாளரா இருந்த மார்செல் கோல்டிங்கும் 1994ல மண்டேலாவோட கட்சி ஏஎன்சி எம்பியா பார்லிமெண்ட் போனவங்க. 1997ல ரெண்டு பேரும் பதவியை விட்டுட்டு ஹெச்சிஐ நடத்த வந்துட்டாங்க. நேத்து வரைக்கும் முதலாளியோட பேரம் பேசினவங்க இன்னைக்கு முதலாளி நாற்காலில. இதை அப்போ திட்டினவங்க நிறைய, எனக்கு அதுல ஒரு பக்கம் மட்டும் பாக்கத் தெரியல. யூனியன்கிட்ட காசு இருந்தாத்தான் மெம்பரோட பிள்ளை படிக்கும்ன்றதும் நெசம், யூனியன் தலைவர் பங்குச்சந்தை பாக்க ஆரம்பிச்சா மெஷின் பக்கம் கண்ணு போகாதுன்றதும் நெசம். அந்த டின்னுக்குள்ள இருந்த லெட்டரைப் பாத்தப்புறம் முதல் விஷயத்தை லேசா எடுத்துக்க என்னால முடியல.

ஈ.டிவி ஆரம்பத்துல நல்லா அடி வாங்குச்சு. புது டவர் போடணும், ஊர் ஊரா சிக்னல் போகணும், விளம்பரக்காரங்க எஸ்ஏபிசியை விட்டு வரணும், எல்லாத்துக்கும் காசு கரைஞ்சுது. இந்த மாதிரி நேரத்துல என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும், நாலு பேர் சேந்து கடை போட்டா, நஷ்டம் வர்றப்ப யார்கிட்ட மறுபடி போட காசு இருக்கோ அவன் பங்கு ஏறும், இல்லாதவன் பங்கு சுருங்கும். ஹெச்சிஐ கை ஓங்கினது இப்படித்தான். டைம் வார்னர் கொஞ்ச வருஷத்துல கிளம்பிடுச்சு. சுரங்கத் தொழிலாளர் கம்பெனியும் ஹெச்சிஐல இருந்து விலகிடுச்சு, துணி யூனியன்தான் பெரிய பங்குதாரரா நின்னுச்சு. அந்தக் காலத்துல வெள்ளிக்கிழமை நைட் படம், ஞாயித்துக்கிழமை மல்யுத்தம், அப்புறம் ஸ்கேண்டல், ரிதம் சிட்டி மாதிரி சொந்த சீரியலுங்க, இதெல்லாம்தான் ஈ.டிவியைத் தூக்கி நிறுத்துச்சு. ரிதம் சிட்டி 2007ல இருந்து 2021 வரைக்கும் ஓடுச்சு. ஏரியல் மட்டும் இருக்குற வீட்ல இதைப் பாக்காதவங்க கம்மி.

அடுத்து வந்தது வென்ஃபின். இது ரூபர்ட் குடும்பத்துக் கம்பெனி, சிகரெட், ஒயின், நகைன்னு உலகம் பூரா வியாபாரம் பண்ற ஸ்டெல்லன்பாஷ் பணக்காரங்க. ஈ.டிவிக்கு மேல சபீடோன்னு ஒரு கம்பெனி வெச்சிருந்தாங்க, அதுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மியா இவங்க வாங்கினாங்க, மீதியில முக்காவாசி ஹெச்சிஐ. 2009ல வென்ஃபினை ரெம்குரோ எடுத்துக்கிச்சு, அதுவும் ரூபர்ட்தான். ஒரே கம்பெனில ஒரு பக்கம் தையல்காரப் பொம்பளைங்க யூனியன், இன்னொரு பக்கம் நாட்டோட பெரிய பணக்காரக் குடும்பம். உன் ஆபீஸ்ல ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னதுக்கு இதுதான் காரணம், ரெண்டு பேரும் ஒரே வீட்டை வேற வேற வாசல்ல நின்னு பாத்துருக்காங்க.

2008 ஜூன் 1ம் தேதி ஈநியூஸ் சேனல்னு 24 மணி நேர நியூஸ் ஆரம்பிச்சாங்க, 2012ல பேரு ஈஎன்சிஏ ஆச்சு. அதைப் பாக்க டிஎஸ்டிவி இருக்கணும், 403ம் நம்பர். அதாவது தன்னோட பெரிய போட்டியாளன் வீட்டுக்குள்ள போய்க் கடை போட்டு, அவன்கிட்டயே காசு வாங்குற ஏற்பாடு. இது ஈ.டிவி குடும்பத்துக்குச் சோறும் போட்டுச்சு, கழுத்துல கயிறாவும் இருந்துச்சு.

இப்ப நான் ரொம்ப யோசிக்கிற ஒரு விஷயம் சொல்றேன். சியார்டெல்னு ஒரு பெரிய துணி கம்பெனி இருந்துச்சு, ஜேஎஸ்இ பங்குச்சந்தைல லிஸ்ட் ஆனது, நம்ம 1973 ஃபிரேம் மில்லுங்க கடைசில அதுக்குள்ளதான் வந்து சேந்துச்சு. 1994க்கு அப்புறம் இறக்குமதி வரியைக் குறைச்சதும் சைனா துணி வெள்ளமா வந்து இங்க ஃபேக்டரி ஃபேக்டரியா மூடினாங்க. சியார்டெல் முழுகப் போற நேரத்துல ஹெச்சிஐதான் காசு போட்டுக் கைப்பத்துச்சு, யூனியன் மெம்பருங்க வேலை போயிடக் கூடாதுன்னு. அப்பவும் ஃபிரேம்ல பெரிய நெசவுப் பிரிவை மூட வேண்டி வந்துச்சு. எந்த மில்லு வாசல்ல நின்னு யூனியன் பொறந்துச்சோ அந்த மில்லை யூனியன் பணத்துல நடக்குற கம்பெனியே மூடினது, அதை நினைச்சா எனக்கு மனசு கனக்குது, ஆனா வேற வழி இருந்துச்சான்னு கேட்டா காப்பாத்தப் பாத்தாங்கன்றதையும் சொல்லத்தான் வேணும்.

அப்புறம் 2013 வாக்குல ஹெச்சிஐ தன்கிட்ட இருந்த சபீடோ பங்கை அந்த சியார்டெல்லுக்குள்ள கொண்டு போய் வெச்சுது. துணி கம்பெனி பேருக்குள்ள டிவி ஸ்டேஷன். அடுத்த வருஷம் டிசம்பர்ல துணி வியாபாரத்தை டெனப்னு தனிக் கம்பெனியாப் பிரிச்சு வெளிய விட்டாங்க, மீதி இருந்த சியார்டெல் பேரை ஈமீடியா ஹோல்டிங்ஸ்னு மாத்திட்டாங்க. ஆக ஈ.டிவியோட சொந்தக்காரன் கம்பெனி பழைய காலத்துல சட்டையும் போர்வையும் வித்த கம்பெனி. இதை அந்த ஆன்ட்டிகிட்ட சொன்னப்ப சிரிக்கல, கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, "நாங்க அந்த ஃபேக்டரிக்குக் காலரு தச்சு குடுத்துருக்கோம்"னாங்க.

டிபன் கேரியர் அடுக்கு மாதிரி நினைச்சுக்க. அடில லைசென்ஸ் வெச்சிருக்குற ஈ.டிவி, அதுக்கு மேல சபீடோ, அதுல பெரிய பங்கு ஈமீடியா ஹோல்டிங்ஸ், அதுக்கு மேல ஹெச்சிஐ, ஹெச்சிஐல பெரிய பங்குதாரர் சாக்ட்வூ, அந்த சாக்ட்வூக்குச் சந்தா கட்டுனது மெஷின்ல உக்காந்த பொம்பளைங்க. பல வருஷம் இந்த அடுக்குதான். ஹெச்சிஐகிட்ட டிவி மட்டும் இல்ல, கேப் டவுன்ல கோல்டன் ஆரோ பஸ் கம்பெனி, நிலக்கரி, அப்புறம் சோகோ சன் மூலமா கேசினோ. நம்ம டர்பன் பீச்சுல சன்கோஸ்ட் கேசினோ பளபளன்னு நிக்குதே அதுவும் இந்த அடுக்குக்குள்ளதான் வந்துச்சு. சம்பளத்தைக் கொண்டு போய் அங்க தொலைச்ச வீடுங்களை எனக்குத் தெரியும், டிஷ் மாட்டப் போனா மாசக் கட்டணம் கட்ட முடியலன்னு ஓசி டிகோடர் கேப்பாங்க. யூனியன் பணம் அங்க போனது எனக்குப் பிடிக்கல, அதை மறைக்க மாட்டேன்.

சரி, சொந்தக்காரன் மாறினா செய்தி மாறுமா? அதுக்கு 2014 அக்டோபரைப் பாக்கணும். மார்செல் கோல்டிங்தான் அப்ப ஈ.டிவி தலைமை, ஹெச்சிஐ சேர்மனும் அவரே. கம்பெனி அவரை சஸ்பெண்ட் பண்ணுச்சு, போர்டு அனுமதி இல்லாம எல்லீஸ் கம்பெனி பங்கை சுமார் 2 கோடியே 40 லட்சம் ரேண்டுக்கு வாங்கினார்னு குற்றச்சாட்டு. அவர் சொன்னது வேற, அப்போ ஜனாதிபதியா இருந்த ஜேக்கப் ஜூமா அரசாங்கத்துக்கு ஆதரவா செய்தி போடச் சொல்லி மேல இருந்து அழுத்தம் வந்துச்சு, ஒத்துக்காததால என்னை வெளிய தள்றாங்கன்னு கோர்ட்டுக்குப் போனார். ஜூமா ஒரு அணைக்கட்டுத் திட்டத்தைத் தொடங்கி வெச்ச நிகழ்ச்சியைக் காட்டணும்னு வந்த ஈமெயில் பத்தியெல்லாம் அந்த வழக்குல வெளிய வந்துச்சு, சம்பந்தப்பட்ட மந்திரி எப்ராஹிம் பட்டேல், சாக்ட்வூல பொதுச்செயலாளரா இருந்தவர். ஹெச்சிஐ தரப்பு அழுத்தம்ன்றதை மறுத்துச்சு. கோர்ட்ல கோல்டிங்குக்குச் சாதகமா வரல, அக்டோபர் கடைசில ராஜினாமா பண்ணிட்டார். கோப்லினும் கோல்டிங்கும் பதினேழு வருஷம் தோளோடு தோள் நின்னவங்க, ஒரே வாரத்துல முடிஞ்சுது. யார் சொன்னது சரின்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. ஆனா எந்த செய்தி போகணும்ன்ற சண்டை நடந்தது மேல் அடுக்குலதான், கீழ் அடுக்குல சந்தா கட்டுன எந்தப் பொம்பளையையும் யாரும் கேக்கல. பர்சரி வந்துச்சு, பேச்சுரிமை வரல.

எல்லீஸ்னா உனக்குத் தெரியாது, எங்க தொழில்ல அது இல்லாம நாள் போகாது, ஏரியல், கேபிள், பிராக்கெட் எல்லாம் அவங்க பேர்லதான் வாங்குவோம். அந்தக் கம்பெனியே 2024ல லிக்விடேஷனுக்குப் போயிடுச்சு. எல்லீஸ் பங்கு ஏன் முக்கியம்னா, அரசாங்கம் டிஜிட்டலுக்கு மாறப் போகுது, ஏழை வீடுங்களுக்கு 50 லட்சம் செட்டாப் பாக்ஸ் மானியத்துல குடுக்கப் போகுதுன்னு பெரிய எதிர்பாப்பு, அந்த ஆர்டர்ல இவங்களும் இருந்தாங்க. அந்த பாக்ஸுக்குள்ள சிக்னலைப் பூட்டுற வசதி வேணுமா வேண்டாமான்னு ஈ.டிவிக்கும் அரசாங்கத்துக்கும் பெரிய வழக்கு. பூட்டு இருந்தா நல்ல படம், நல்ல நிகழ்ச்சி வாங்கி டிஎஸ்டிவிக்குப் போட்டியா நிக்கலாம்னு ஈ.டிவி கணக்கு, டிஎஸ்டிவி குடும்பத்து எம்-நெட் எதிர்ப்பக்கம். 2017 ஜூன்ல அரசியல் சாசன கோர்ட் ஈ.டிவிக்கு எதிராத் தீர்ப்பு சொல்லிடுச்சு. நடுவுல 2013 அக்டோபர்ல ஈ.டிவிக்காரங்களே ஓப்பன்வியூ ஆரம்பிச்சிருந்தாங்க, ஒரு தடவை டிஷ்ஷுக்கும் டிகோடருக்கும் காசு குடுத்தா போதும், மாசக் கட்டணம் கிடையாது. இதுல துருக்கி சீரியலுக்கு ஆஃப்ரிகான்ஸ் குரல் குடுத்துப் போட்டது எப்படி ஹிட் ஆச்சுன்னு நான் கூரை மேல இருந்தே பாத்தேன், அதுக்காகவே டிஷ் மாட்டச் சொல்லி போன் வரும்.

சொந்தக்காரன் கதைல நம்ம தோல் நிறத்து ஆளுங்களைத் தலை குனிய வெச்சது ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2013 ஆகஸ்ட்ல ஏஎன்என்7னு ஒரு நியூஸ் சேனல் மிட்ராண்ட்ல இருந்து ஆரம்பிச்சுது, இந்தியாவுல இருந்து வந்து, ஜூமாவுக்கு நெருக்கமா இருந்து ஊழல் குற்றச்சாட்டுல மாட்டின குப்தா சகோதரர்களோட ஓக்பே கம்பெனியும் இந்தியாவோட ஜீ குழுமத்து எஸ்ஸெலும் சேந்து. ஜூமாவோட மகன் டுடுசானேக்கும் அதுல பங்கு. அங்க ஆரம்பத்துல எடிட்டரா இருந்த ராஜேஷ் சுந்தரம்ன்ற இந்திய பத்திரிகையாளர் சீக்கிரமே விட்டுட்டுப் போயிட்டார், பின்னாடி 2019ல அந்த ஊழலை விசாரிச்ச ஸோண்டோ கமிஷன்ல உக்காந்து ஜூமா எப்படி அந்தச் சேனல் விஷயத்துல நேரடியா ஆர்வம் காட்டினார்னு சாட்சி சொன்னார். அந்தச் சேனலுக்கு டிஎஸ்டிவி நடத்துற மல்டிசாய்ஸ் வருஷத்துக்குக் குடுத்த காசு 5 கோடி ரேண்ட்ல இருந்து 14 கோடிக்கு ஏறினது 2017ல கசிஞ்ச ஈமெயிலுங்கள்ல வந்து பெரிய சண்டை ஆச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல குப்தா தரப்பு அந்தச் சேனலை முன்னாள் அரசாங்கச் செய்தித் தொடர்பாளர் ம்ஸ்வானெலே மன்யிக்கு 30 கோடி ரேண்டுக்கு விக்கிறோம்னு அறிவிச்சாங்க, அந்தக் காசையும் வித்தவங்களே கடனாக் குடுக்கிற ஏற்பாடு. பேர் அஃப்ரோ வேர்ல்ட்வியூ ஆச்சு. மல்டிசாய்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கல, 2018 ஆகஸ்ட் 20ல திரை கறுப்பாயிடுச்சு. சொந்தக்காரன் யாருன்னு பேப்பர்ல மாத்தினாலும், வீட்டுக்குள்ள கொண்டு போற கை அடுத்தவன்கிட்ட இருந்தா அவ்வளவுதான். அந்த வருஷங்கள்ல வேலைக்குப் போற வீட்ல "நீயும் குப்தா ஊரா?"ன்னு கேப்பாங்க, 1860ல இருந்து இங்க கரும்புக் காட்டுல முதுகு ஒடிஞ்ச ஜனத்தோட பேரனையும் அதே கேள்வி கேட்டாங்க. அது வலிச்சுது.

வீட்டுக்குள்ள கொண்டு போற அந்தக் கை இருக்கே, மல்டிசாய்ஸ், அதோட சொந்தக்காரன் கதையும் இப்ப மாறிடுச்சு. முதல்ல நாஸ்பர்ஸ். 2006ல ஃபுதுமா நாதின்னு ஒரு திட்டத்துல கறுப்பின ஜனங்களுக்கு 10 ரேண்டுக்கு ஒரு பங்குன்னு வித்தாங்க, சட்டப்படி இந்தியர்களும் அந்தக் கணக்குல வருவாங்க, சாட்ஸ்வொர்த்ல அப்போ வாங்கி வெச்சவங்க வருஷா வருஷம் வர்ற டிவிடெண்டைப் பத்திப் பெருமையாச் சொல்லுவாங்க. 2019ல நாஸ்பர்ஸ் மல்டிசாய்ஸைத் தனியா ஜேஎஸ்இல லிஸ்ட் பண்ணி விட்டுச்சு. ஃப்ரான்ஸோட கனால் பிளஸ் கொஞ்சம் கொஞ்சமா பங்கு சேத்து, 35 சதவீதம் தாண்டினதும் சட்டப்படி எல்லாருக்கும் விலை சொல்ல வேண்டி வந்துச்சு, பங்குக்கு 125 ரேண்ட். 2025 செப்டம்பர் 22ல கை மாறிடுச்சு. அந்த 20 சதவீத சட்டம்? லைசென்ஸ் வெச்சிருக்குற கம்பெனியைத் தனியாப் பிரிச்சுட்டாங்க. அதுல மல்டிசாய்ஸுக்கு லாபத்துல 49 சதவீதம், ஓட்டு 20 சதவீதம்தான், மீதி ஓட்டெல்லாம் உள்ளூர் பங்குதாரருங்க கைல. 1998ல டைம் வார்னர் 20ல நின்னுச்சு, 2025ல கனால் பிளஸ் 20ஐ வெச்சுக்கிட்டே வீட்டையே வாங்கிடுச்சு. சட்டம் மாறல, பேப்பர் எழுதுற திறமை வளந்திருக்கு.

மல்டிசாய்ஸும் ஈ.டிவியும் மோதினதுல இன்னொண்ணு, 2022ல ஈமூவிஸ், ஈஎக்ஸ்ட்ரா மாதிரி நாலு சேனலை டிஎஸ்டிவில இருந்து எடுத்துட்டாங்க, போட்டிச் சட்ட மேல்முறையீட்டு கோர்ட் திருப்பிப் போடச் சொல்லுச்சு. அதே 2022 ஜூன்ல ஈ.டிவி இன்னொரு பெரிய வழக்குல ஜெயிச்சுது, பழைய அனலாக் சிக்னலை ஜூன் 30ல அணைச்சுடுவோம்னு அரசாங்கம் சொன்னது சட்டப்படி செல்லாதுன்னு அரசியல் சாசன கோர்ட்டே சொல்லிடுச்சு, ரெண்டு நாள் முன்னாடி. 2025 மார்ச் 31னு மறுபடி தேதி வெச்சாங்க, அதையும் ஹைகோர்ட் தடுத்துடுச்சு. இதுல ஈ.டிவிக்கு வியாபார லாபம் இருக்கு, பாக்குற வீடு குறைஞ்சா விளம்பரக் காசு குறையும், அது உண்மை. ஆனா அனலாக் ஏரியல் மட்டும் வெச்சிருக்குற வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். கம்பியும் பழைய மூடியும் வெச்சுத் தகரக் கூரைல கட்டியிருப்பாங்க, கீழ ஒரு பாட்டி சாயங்காலம் நியூஸுக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. அந்த வீட்டுக்கு பாக்ஸ் வராம சிக்னலை அணைக்கிறது அநியாயம், வழக்கு போட்டவன் யாரா இருந்தாலும் அந்த விஷயத்துல நான் அவன் பக்கம்தான்.

இப்ப உன் ரெண்டாவது கேள்வி. அம்மா ஊர்ல இருந்து வந்து தங்கப் போறாங்க, சன் டிவி, கேடிவி வேணும்னா டிஎஸ்டிவில தென்னிந்திய பேக்கேஜ் எடுத்தே ஆகணும், அது மாசா மாசம் காசு. உனக்கு மட்டும்னா ஓப்பன்வியூ போதும், ஒரு தடவை செலவு. ரெண்டும் வேணும்னாலும் பண்ணலாம், ஆனா ஃபிளாட்டுனா பாடி கார்ப்பரேட்கிட்ட, அதான் ஃபிளாட் சொந்தக்காரங்க சங்கத்துக்கிட்ட, முதல்லயே எழுத்துல அனுமதி வாங்கிடு, சுவத்துல ஓட்டை போட்டப்புறம் கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. கேபிள் மலிவா இருக்குன்னு மெல்லிசா வாங்கிடாத, டர்பன் கடல் காத்துக்கு ரெண்டே வருஷத்துல கனெக்டர் பச்சை பூத்துடும், ஜாயிண்ட்ல சுத்துற டேப்பை நல்லதா வாங்கு. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல நான் ஃப்ரீ, அம்ஹ்லாங்கா பக்கம் வர்றேன், ஏணி என்கிட்ட இருக்கு. பழைய ஏரியல் கூரைல இருந்தா கழட்டச் சொல்லாத, அது பாட்டுக்கு இருக்கட்டும்.